அடையாற்றில் இரண்டு படிகள்

1974 ஆவணி. கல்யாண மாதம். தி.நகர் பட்டுக்கடையில் விற்பனையாளராக இருந்த அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, அரை நாள் விடுப்பு கிடைத்ததே பெரிது. தீபாவளிக்குக் கடையில் மூன்றாம் மாடி திறக்கிறார்கள். பொறுப்பு அவருக்கு. ஆனால் படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று ஒருமுறை அக்காவிடம் சொல்லிவிட்டார். படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. ஏறி இறங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

காலை 8.10க்கு மயிலாப்பூர் குளத்தருகே பஸ். அடையாறு நான்கு கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு இருபது பைசா. பாலத்தில் நல்ல காற்று. அத்தான் ஆற்றைப் பார்க்கவில்லை.

"நார்மல்னு எழுதிக் கொடுத்துருவாங்கள்ல, மாப்ள?"

மருத்துவமனை, இறங்கிய இடத்திலிருந்து பத்து நிமிட நடை. கட்டணம் முப்பது ரூபாய். ஏதோ பெரிய இயந்திரத்தை எதிர்பார்த்துப் போனேன். அறை நடுவில் மரப்படிகள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அவ்வளவுதான். ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி. மூன்று நிமிடம்.

முதலில் படுக்கவைத்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு ஈ.சி.ஜி. இயந்திரம் பார்ப்பவர் ஒயர்களைக் கழற்றினார். "வேட்டிய நல்லா மடிச்சிக் கட்டிக்க நைனா. நெஞ்சுல எதுனா இருந்தா வாயத் தொறந்து சொல்லணும், இன்னா?"

அத்தான் ஏறினார். இரண்டாவது நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்பு. நாற்பது புடவை பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களுக்கு அவர் தரும் சிரிப்பு.

"இன்னா, ஜோக்கா கீது?"

"ஒண்ணுமில்லீங்க."

மூன்று நிமிடமும் முடித்தார். உடனே படுக்கவைத்து ஒயர்களை மாட்டினார்கள். காகிதம் வந்தது. முன்பு நேராக ஓடிய கோடு இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தொய்ந்திருந்தது. நனைந்த கொடிக்கயிறு போல. வாய் மறைத்ததை ஊசி எழுதிக்கொண்டே போனது. ஒரு மனிதனின் உள்ளே இருப்பது, இரண்டு மரப்படியால், வெளியே வந்துவிட்டது.

"வலிச்சுதா?" என்றார் டாக்டர் அம்மாள்.

"லேசா."

"ஏன் சொல்லலை?"

"கடைப் படியில வலிச்சா சிரிச்சிக்கிட்டே நிப்பேன், டாக்டர். எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடுற மாதிரி. போயிரும்."

மூன்றாம் மாடி கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாத்திரையும். காகிதத்தை அத்தான் நான்காக மடித்தார், புடவை மடிப்பது போல, ஓரம் பிசகாமல்.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு: இரண்டு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். பேன்ட் நல்லது. வலித்தால் அங்கேயே நின்று சொல்லிவிடுங்கள், அதற்காகத்தான் அழைத்திருக்கிறார்கள். துணைக்குப் போகிறவர்கள், படி ஏறுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். படியில் கால் வைத்த அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அடுத்த பஸ் 11.25க்கு. உட்கார்ந்து போனோம்.