பாம்புப் பைக்கு மூலைத் தையல்

எங்க தெருவுல பாம்பு வந்தா யாரும் எடுத்த எடுப்புல அலறமாட்டாங்க. முதல்ல "பாம்பக்காவைக் கூப்பிடு"ம்பாங்க, அப்புறம்தான் அலறுவாங்க. அந்தப் பாம்பக்கா வேற யாரும் இல்ல, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் கேக்கும். என் பொண்ணு அங்கே உட்கார்ந்து சிரிக்கிறது இன்னும் நல்லாவே கேக்கும்.

மூடி மறைக்க என்ன இருக்கு, எனக்கு வயித்தெரிச்சல்தான். ஊரே அவங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடட்டும், போகட்டும். நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு, எட்டு வயசு. அது பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை என் முன்னாடி வீசிட்டு பெரியம்மா வீட்டுக்கு ஓடுதே, அதைத்தான் தாங்க முடியல. அவங்களுக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க. அதுக்கு என் பொண்ணுதானா கிடைச்சா?

அக்காவுக்குக் கோழிப்பண்ணையில வேலை. முட்டையை ஒவ்வொண்ணா விளக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி வைக்கணும். முட்டை இருந்தா எலி வரும், எலி வந்தா பாம்பு வரும். ஒரு நாள் தட்டு அடுக்குக்குக் கீழே ஒரு சாரை கிடந்துச்சாம். மத்தவங்க கம்பைத் தேடி ஓட, இவங்க வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு, கையைக் கழுவிட்டு வந்து மறுபடியும் முட்டை பார்க்க உட்கார்ந்தாங்களாம். பிறகு பாம்பு பிடிக்கிறவர் ஒருத்தர்கிட்ட முறையாவே கத்துக்கிட்டாங்க. ஆளு ஒல்லிக்குச்சி. கரப்பான்பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறிடுவாங்க. இதைச் சொன்னா தெருவுல ஒருத்தரும் நம்பறதில்ல.

சரி, பிடிச்ச பாம்பைப் போடற பையை யார் தைக்கிறா? அடியேன்தான். தையல்தான் என் பிழைப்பு. பாம்புப் பையைத் தலையணை உறை மாதிரி தைச்சுத் தள்ளிட முடியாது. ரெட்டைத் தையல் போடணும். துணிப் பிசிறு வெளிப்பக்கம் இருக்கணும், உள்ளே நூல் தொங்கினா பாம்போட செதில்ல மாட்டிக்கும். மூலைக்கு வந்ததும் முன்னயும் பின்னயும் மிஷினை ஓட்டி நூலைப் பூட்டணும். இல்லேன்னா கனம் இறங்கினதும் மூலை வாயைப் பொளந்துடும். இத்தனை பாம்பு என் பையில போயிருக்கு, "இதை யாரும்மா தைச்சது"ன்னு ஒரு ஈ காக்கா கேட்டதில்ல. என் பொண்ணும்தான். மிஷின் பக்கம் வாடின்னா, "போர் அடிக்குதும்மா"ம்பா.

போன மாசம் காலி மனையில ரெண்டு சாரை பின்னிப் பிணைஞ்சு நிமிர்ந்து ஆடுச்சு. தெருவே கூடிடுச்சு. நான் அவசரமா பொண்ணு கண்ணைப் பொத்தி, "பார்க்காதடி, ஜோடி சேருதுங்க"ன்னேன்.

பின்னாடி நின்ன அக்கா, "ஜோடி இல்லம்மா, ரெண்டும் ஆம்பளை. இங்கதான் எங்கயோ பொட்டைப் பாம்பு இருக்கு, அதுக்காகப் போட்டி. கடிச்சுக்காதுங்க. ஒண்ணு தலையை இன்னொண்ணு கீழே அமுக்கும். தோத்தது பேசாமப் போயிடும்"னாங்க.

என் கையை விலக்கிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல பெரியம்மா!"ன்னு என் பொண்ணு கெக்கெக்கேன்னு சிரிச்சா. கூட்டமும் சேர்ந்து சிரிச்சுது.

இப்போ விரியன் கதைக்கு வரேன். ஒரு ஞாயித்துக்கிழமை மருந்துக்கடைக் கிடங்குல, அட்டைப்பெட்டிங்களுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்துச்சு. அக்கா போய்ப் பிடிச்சாங்க. காட்டிலாகா வண்டி சாயங்காலம்தான் வரும்னு சொல்லிட்டதால, பையை முடிச்சுப் போட்டு அவங்க வீட்டுக் குளியலறைக் கொக்கியில தொங்கவிட்டு, கதவைத் தாழ் போட்டாங்க. என் பொண்ணு அவங்க கூடத்துல சட்டமா உட்கார்ந்துட்டா. மத்தியானம் நான் கூப்பிடப் போனேன்.

"எழுந்து வாடி."

"கொஞ்ச நேரம்மா. பெரியம்மா விரியனைப் பத்திச் சொல்லிட்டிருக்காங்க."

"அப்ப அவங்களையே அம்மான்னு கூப்பிட்டுக்கோ!"

அக்கா முகம் சுண்டிப் போச்சு. போகட்டுமேன்னுதான் இருந்துச்சு எனக்கு. அவங்க எழுந்து, பாம்பைப் பார்த்துட்டு வரேன்னு குளியலறைக் கதவைத் திறந்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க.

"பாப்பா, கட்டில் மேல ஏறு. காலைக் கீழே வைக்காதே," அப்புறம் என்கிட்ட, "நீ குளியலறை வாசல்லயே நில்லு."

எட்டிப் பார்த்தேன். பையோட அடிப்பக்கம் நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு பெரிய முண்டு, அதைச் சுத்திச் சின்னச் சின்னதா ஏகப்பட்ட அசைவு.

"பைக்குள்ளயே குட்டி போட்டுடுச்சு," அக்கா மெதுவாச் சொன்னாங்க. "வயிறு பெருசா இருக்கேன்னு நினைச்சேன். சாரை மாதிரி இது முட்டை போடாது. வயித்துக்குள்ளயே வெச்சிருந்து குட்டியாத்தான் போடும். பென்சில் தடிமன்தான் இருக்கும், ஆனா பிறக்கும்போதே விஷம் உண்டு. பிறந்ததும் ஆளுக்கொரு பக்கம் போயிடும், தாய் திரும்பிக்கூடப் பார்க்காது." அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "நல்லவேளை, உன் தையல். ஒண்ணும் வெளிய வராது"ன்னாங்க.

இத்தனை வருஷத்துல முதல் தடவையா அவங்க வாயால ஒரு வார்த்தை! எனக்கு உச்சி குளிர்ந்துச்சு. குளிர்ந்த அதே வேகத்துல பையை உத்துப் பார்த்தேன். பிசிறு வெளிப்பக்கம்தான். ரெட்டைத் தையல்தான். ஆனா கோணல்மாணலா ஓடியிருந்துச்சு.

"அக்கா, இது நான் தைச்சது இல்ல."

கட்டில் மேலேர்ந்து சின்னக் குரல் வந்துச்சு. "நான்தாம்மா தைச்சேன். நீ துணி கொடுக்கப் போயிருந்தப்போ. பெரியம்மாவுக்குத் தெரியாம அவங்க பைங்களோட சேர்த்து வெச்சேன்."

அடிப்பாவி! மிஷின்னா போர் அடிக்கிற பொண்ணு, ஓரக்கண்ணால என்னைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டிருக்கா. யாருக்காக? அவங்களுக்காக! வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா எரிய விடவும் நேரம் இல்ல. தைக்கும்போது நான் மூலையில செய்யறது அவ கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. அது பூட்டாத மூலை.

"அக்கா, இடது மூலை பிரியும்! கனம் பூரா அதுலதான் நிக்குது!"

எங்க வீட்டுக்கு ஓடி, தைச்சு வெச்சிருந்த பெரிய பையை எடுத்துட்டு வந்தேன். அக்கா சொன்ன மாதிரி அதைக் காலி வாளிக்குள்ள விரிச்சு, வாயை விளிம்புல மடிச்சு நீட்டினேன். அவங்க பாம்பு பிடிக்கிற கம்பியால வாளியைத் தொங்குற பைக்கு அடியில தள்றதுக்குள்ள, ஒரு தையல் விட்டுப் போய் ஒரு குட்டி பொத்துன்னு தரையில விழுந்துச்சு. விழுந்ததும் நேரா நான் நின்ன வாசலைப் பார்த்து வருது. எனக்குப் பின்னாடி கூடத்துல கட்டில், கட்டில் மேல என் பொண்ணு.

"பின்னால போ!"ன்னு அக்கா கத்தினாங்க.

நான் போகல. வாசலை விட்டு நகரல. என் கால் விரலுக்குக் கிட்ட வந்ததை அக்கா இடுக்கியால அள்ளி வாளியில போட்டாங்க. அடுத்த நொடி பழைய பையையும் கம்பியால கொக்கியிலேர்ந்து எடுத்து அதுக்குள்ள இறக்கினாங்க. இறங்கும்போதே மூலை முழுசாப் பிரிஞ்சு, எல்லாம் என் பைக்குள்ள கொட்டுச்சு. வாயை இழுத்துக் கட்டினதும் ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுத் தரையெல்லாம் தேடினோம். வேற ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் என் பொண்ணை ஓங்கி ஒண்ணு வெச்சேன். வெச்சுட்டு நானே அழுதேன்.

சாயங்காலம் வண்டி வந்துச்சு, கூட்டமும் வந்துச்சு. "மூலை பிரியும்னு இவ சொல்லலேன்னா அவ்வளவுதான்"னு அக்கா எல்லார்கிட்டயும் சொன்னாங்க. எல்லாரும் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, போனைப் பாம்பு பக்கம் திருப்பிட்டாங்க.

நான் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடிச்சு, "பாப்பாவுக்குப் பாம்பைப் பத்தி நான் சொல்லித் தந்துடுவேன். மூலையைப் பூட்ட நீதான் சொல்லித் தரணும்"னாங்க.

தந்தேன். இப்போ தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் என் பக்கத்துல வந்து உட்கார்றா. தைக்கிறது பூரா பாம்புப் பைதான். மூலை முடிஞ்சதும், "பூட்டியிருக்கா பாரும்மா"ம்பா. இழுத்துப் பார்ப்பேன், அசையாது. "பெரியம்மாகிட்ட கொடுத்துட்டு வந்துடறேன்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேக்கும். எரியாம இருக்குமா?

இத்தனை பைக்கு இந்த ஊர்ல ஏது பாம்பு? இருந்தாலும் அவ வர்றதுக்குள்ள அடுத்த பைக்குத் துணியை வெட்டி வெச்சுடுவேன். துணி இருந்தாத்தானே திரும்பி வருவா.