திருப்பி வாங்கிய சீர்

மஞ்சளும் சந்தனமும் கலந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கவர்களை அம்மா எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் 'அரிசி', 'பால்', 'கரண்டு', 'செய்முறை' என்று எழுதி, அப்பாவின் சம்பளத்தையும் தன் தையல் காசையும் பிரித்துப் போட்டுத் தகர டப்பாவுக்குள் அடுக்குவாள். 'தவணை' என்று எழுதிய கவரை மட்டும் யாரும் தொடக்கூடாது.

செக்காலைக் கடைத்தெருவில் அப்பா வைத்திருந்த ரீசார்ஜ் கடை படுத்துவிட்டது; அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் மட்டும் படுக்காமல் வளர்ந்துகொண்டே போனது. அப்பா ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சம்பளத்துக்குப் போனார். இரண்டு தவணை தவறியிருந்தது. மூன்றாவதும் தவறினால் வீட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் கவர்கள் வந்தன, கேபிள் போனது, ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் நடக்க ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்புப் படித்த எனக்கு ஒரு ரப்பர் வாங்க எந்தக் கவரில் எடுப்பது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும்.

அந்த மாதம் பார்த்துக் கொத்தமங்கலத்தில் அத்தை மகளுக்குச் சடங்கு. அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா. எங்கள் பக்கம் தாய்மாமன் கொண்டு வரும் சீரைப் பந்தலில் மைக் வைத்து வாசிப்பார்கள். விசேஷ வீடுகளுக்குச் செய்ய ஒதுக்கிய 'செய்முறை' கவரில் இருந்தது ஒரு பாவாடை தாவணிக்கும் ஐந்நூறு ரூபாய்க்கும்தான் காணும். அது போதும் என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். பந்தலில், "தாய்மாமன் சீர், ரொக்கம் ஐயாயிரம்" என்று வாசித்தபோது நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா பந்தியில் உட்காரவே இல்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் தவணைக் கவர் காலி.

"என்ன காரியம் செஞ்சுட்டு வந்திருக்கீக?" என்றாள் அம்மா.

"அத்தனை பேருக்கு முன்னாடி ஐந்நூறு ரூவாயை வச்சுக்கிட்டு எப்படி நிக்கச் சொல்றே? அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

தவணைக்கு நான்கு நாள் இருந்தது. அம்மா தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கினாள். ஏற்கெனவே கைமாற்று வாங்கியிருந்த வீடுகளில் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். தையல் மிஷினை விலை பேசிப் பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. மூன்றாம் நாள் காலையில், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கொத்தமங்கலம் பஸ் ஏறினாள்.

அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "வா, இங்குட்டு உக்காரு" என்று அத்தை பாயை விரித்தாள். அம்மா உட்காரவில்லை.

"மதினி, உங்க தம்பி செஞ்ச ரொக்கத்தைத் திருப்பிக் குடுங்க. நாளைக்குக் கட்டலைன்னா வீடு போயிரும்."

என் கையை மட்டும் அம்மா விடவே இல்லை. செய்த சீரைத் திருப்பிக் கேட்டவர்களை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அத்தை உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்தாள்; பாவாடை தாவணியையும் மடித்து அதன் மேல் வைத்து நீட்டினாள். அம்மா இரண்டையும் வாங்கிப் பையில் வைத்தாள். அந்தத் தாவணியை யாரும் உடுத்தவில்லை, பெட்டியிலேயே கிடந்து நைந்து போனது.

தவணை கட்டினோம். அதன்பின் நான்கு வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டிப் பத்திரத்தை மீட்டோம். அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. கொத்தமங்கலம் போகும் பஸ்ஸைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று செக்காலையில் ரீசார்ஜ் கடை என்று தேடினால் ஒன்றும் கிடையாது, எல்லாம் அவரவர் போனிலேயே முடிந்துவிடுகிறது. அப்பாவும் போன வருடம் போய்ச் சேர்ந்தார். அத்தை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதாள். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு நான் கொத்தமங்கலம் போனேன். அத்தை கோபப்படவில்லை. என் விரல்களை மடக்கிப் பணத்தை என் கைக்குள்ளேயே வைத்தாள்.

"கொண்டு போ ஆத்தா. என் தம்பி கையால வந்தாத்தான் அது சீரு. நீ தந்தா வெறும் பணந்தான்."