வீரையன் போட்ட மூட்டம்

கழக ஆட்சி வந்து நாலாவது மார்கழி. திருவையாற்றுக்குக் கிழக்கே பயிரில் பூச்சி விழுந்துவிட்டதென்று மருந்து தெளிக்க ஒரு சின்ன ஏரோப்ளேன் வந்தது. அது இறங்குவதற்காகப் பண்ணையார் வைத்தியலிங்கத்தின் திடலைச் செதுக்கி விட்டார்கள். காவலுக்கு வீரையன். மாட்டுக் கொட்டகையைத் தவிர வேறெதையும் காவல் காத்தறியாதவன்.

“காத்து எந்தப் பக்கம்னு மேலேருந்து தெரியணும். சத்தம் கேட்டதும் மூலையில கொஞ்சம் புகை போடு,” என்றார் விவசாய அதிகாரி.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? வீரையனுக்கு ஒரே குழப்பம். கொசு விரட்ட மூட்டம் போடுவதற்கு ரெண்டு மாட்டுக்கே ஒரு கட்டு ஈர வைக்கோல் வேண்டும். ஏரோப்ளேனோ ஏழெட்டு மாடு நீளம்!

மறுநாள் காலை, பனி விலகுமுன் சத்தம் கேட்டது. நாலு மூலையிலும் வண்டி வண்டியாக ஈர வைக்கோல் போட்டு மூட்டினான். அந்தப் புகையில் அதிராம்பட்டினத்துக் கருவாடெல்லாம் இருமியதாகக் கேள்வி.

திடல் எது, தண்ணீர் நிற்கும் வயல் எது என்று விமானிக்குத் தெரியவில்லை. ஏரோப்ளேன் தென்னை மட்டையை உரசிக்கொண்டு இறங்கி, அலறி மேலே போனது. எண்ணெய் தீர்ந்தால் ஆள் பிழைக்க மாட்டார். சத்தம் நெருங்க நெருங்க, போதவில்லையோ என்று வீரையன் இன்னும் ரெண்டு கட்டு போட்டான்.

கூலி உயர்வு கேட்டுக் களையெடுக்க இறங்காமல் வரப்பில் நின்றிருந்தார்கள் பெண்கள். எல்லாருக்கும் முன்னால் வீரையன் மனைவி காத்தாயி. பத்து நாளாக அவர்கள் முகத்தில் விழிக்காத வைத்தியலிங்கம் ஓடி வந்தார்.

“காத்தாயி, ஏதாச்சும் செய்யும்மா!”

“இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா ஐயா? வாங்கடி!”

வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். பனி மட்டும் மிஞ்சியது. திடலின் இரண்டு கரைகளிலும் வரிசையாக நின்று முந்தானையை வீசினார்கள். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கோடுகள் தெரிய, நடுவில் வந்து இறங்கியது ஏரோப்ளேன்.

இறங்கிய விமானி கும்பிட்டார். “இனிமே இந்தம்மாங்க நின்னாதான் இறங்குவேன்.”

வைத்தியலிங்கம் அன்றே பேச உட்கார்ந்தார். கூலி உயர்ந்தது.

சாகும்வரை வீரையனுக்கு விளங்காத கணக்கு இது. “என் புகை இல்லன்னா உங்களுக்குக் கூலி ஏறியிருக்குமா?” என்பான்.

“ஒன் புகை இல்லன்னா வானத்துல அந்த மனுசன் ஏன்யா தவிக்கப் போறாரு?” என்பாள் காத்தாயி.

ரெண்டுமே சரியாகத்தான் படும் அவனுக்கு. தலையைச் சொறிந்துகொண்டு மாட்டுக்கு மூட்டம் போடப் போய்விடுவான்.