பூஜ்யங்களுக்கு நடுவில் ஒன்று

அன்று முழுக்க அந்தச் சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது. வாக்கு இயந்திரத்தின் நீண்ட பீப் ஒலி. காலையில் சோதனைக்காக நாங்களே போட்டுப் பார்த்து அழித்துவிட்ட வாக்குகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற ஊர்களில் அந்த இயந்திரம் ஏழு மணிக்குத் தொடங்கினால் மாலை வரை கத்திக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி, ஜீப் நின்றுபோகிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் நடந்து சேரும் ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளியில், அது பிற்பகலில் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது. அந்தப் பொத்தானை அழுத்தியவர் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்கா. அழுத்த வைத்தவன் நான்.

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாறு இன்று எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. வென்றவர், தோற்றவர், வித்தியாசம், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் மலை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அலுத்திருக்கிறேன். மலைக்கு ஓட்டு வந்ததே சமவெளிக்கு வந்து நெடுங்காலம் கழித்துத்தான். "நானும் எங்கம்மாவும் ஒரே நாள்ல தான் சார் மொத ஓட்டு போட்டோம். ரெண்டு பேரும் ஒண்ணா வயசுக்கு வந்த மாதிரி" என்று அந்த அக்கா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். வாத்தியார் என்பதால் தேர்தல் வேலை போட்டு, ஒரு சட்டமன்றத் தேர்தலுக்காக நான் முதலில் அந்த ஊருக்குப் போனபோது அவர்தான் வரிசையில் முதல் ஆள். தலைக்குக் குளித்து, புடவையின் மடிப்புக் கலையாமல் வந்து, "மூடி வெச்சிக்கினு தானே குத்தணும்? யாருக்கும் தெரியாது இல்ல?" என்று கேட்டார். தெரியாது அக்கா, உங்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும் என்றேன். அந்தப் பதிலை நான் அன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

இரண்டாம் தடவை, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு, நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போனேன். ஊர் எல்லையில் மூங்கில் கழியில் கறுப்புத் துணி பறந்தது. ரோடு போடும்வரை ஓட்டு இல்லை என்று ஊர் கூடி முடிவெடுத்திருந்தார்கள். காய்ச்சல்காரரைப் போர்வையில் தூளிகட்டித் தூக்கிக்கொண்டு பாறைப் பாதையில் இறங்கியதில் இரண்டு பேர் வழியிலேயே போய்விட்டிருந்தார்கள். கேட்டது நியாயம். பள்ளிக்கு எதிரே பலாமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் எழுந்து வந்து சன்னலுக்குள் தலையை நீட்டினார். "சார், மை காஞ்சிப் பூடப் போவுது, மூடி போட்டு வெச்சிக்கோங்க." வெளியே சிரிப்பு. விரலில் மை வைக்க வந்திருந்த எங்கள் ஊழியரும் சிரித்துவிட்டார்.

பதினோரு மணிக்கு நான் பாறைமேல் ஏறிப் போனில் நிலவரம் சொன்னேன். பூஜ்யம். ஒரு மணிக்கும் பூஜ்யம். மறுமுனையில் இருந்த அதிகாரியின் குரல் இறங்கியது. "பூஜ்யம்னு மட்டும் கொண்ணாந்துடாதீங்க சார். ஒண்ணாவது விழட்டும். அப்புறம் நீங்களும் நானும்தான் பதில் சொல்லிக்கினு இருக்கணும்." அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். நானோ பயந்தேன். ஓட்டுப் போட வாருங்கள் என்று ஆளைக் கூப்பிடுவது என் வேலையே இல்லை. ஆனாலும் பாறையிலிருந்து இறங்கி நேரே பின்பக்கத்துச் சமையலறைக்குப் போனேன்.

அக்கா எங்களுக்காகச் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஊர் ஓட்டுத்தான் போடாது, வந்தவர்களுக்குச் சோறு போடும். நான் என்னென்னவோ பேசினேன். ஒருத்தருமே போடாவிட்டால் இந்த ஊர் இருப்பதே மேலே தெரியாமல் போய்விடும், சாவடியை எடுத்துவிடுவார்கள், ஒரு ஓட்டு விழுந்தால்தான் ரோடு கேட்க ஆள் இருக்கிறது என்று ஆகும் என்றேன். இதில் ஒரு சொல்லாவது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவர் கஞ்சி வடிகிற பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரு இன்னா சொல்லும் சார்?"

"உங்க ஓட்டு உங்களுது அக்கா. யாருக்குப் போட்டீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலாமரத்தடியில் பேச்சு நின்றது. இடதுகை ஆள்காட்டி விரலில் மை கோடாக இறங்கியது. அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் நின்ற அந்தச் சில நொடிகள். பிறகு அந்தச் சத்தம்.

எங்கேயும் தேர்தல் முடிந்த மறுநாள் எல்லார் விரலிலும் மை இருக்கும். அதனால் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. அந்த ஊரில் ஒரே ஒரு விரலில்தான் இருந்தது. சாம்பலால் தேய்த்திருக்கிறார், எலுமிச்சையால் தேய்த்திருக்கிறார், பாத்திரம் துலக்கும் நாரால் தோல் உரியத் தேய்த்திருக்கிறார். நகம் வளர்ந்து மேலே போகப் போக மையும் மெல்ல மேலே போனது. பாத்திரத்தைப் பிடிக்கும்போதெல்லாம் ஊர் அதைப் பார்த்தது.

அதைக்கூட ஊர் மன்னித்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். வாக்கு எண்ணிய அன்று நடந்ததுதான் தீர்த்துக்கட்டியது. இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன், யோசிக்கவே இல்லை. ஒரு இயந்திரத்தில் ஒரே ஒரு வாக்கு இருந்தால் அது ரகசிய வாக்கு இல்லை. எங்கள் சாவடியின் இயந்திரத்தைத் திறந்ததும் வேட்பாளர்களுக்கு எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று வந்தது. கட்சி முகவர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்த ஒன்று யாருக்கு எதிரே இருந்தது என்ற சேதி சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிட்டது. ரோடு போடுவதாகச் சொல்லிப் போடாத அதே பழைய எம்.எல்.ஏ.வுக்கு. யாருக்குப் பாடம் புகட்ட ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ, அவருக்கு.

அதன்பின் பிள்ளைகள் அவர் சமைத்ததைத் தொடவில்லை. வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் தினமும் அளவு குறையாமல் சமைத்தார். சமைத்ததைத் தினமும் ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். பள்ளித் தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்து, நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள் என்றார்.

போனேன். பலாமரத்தடியிலேயே நின்று, தப்பு என்மேல்தான், நான்தான் வற்புறுத்தினேன் என்றேன். ஊர்ப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்க சார், இல்லேன்னு சொல்லல. கை யாருது?"

பெரியவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க சாயந்திரம் எறங்கிப் பூடுவீங்க. நாங்க இங்கதான் கெடக்கணும், அவளும் சேத்துதான். அத்த நெனச்சிப் பாத்தாளா?"

சமையலறையில் அக்கா பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஏன் அவருக்குப் போய்ப் போட்டீர்கள் என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்கிற உரிமை கிடையாது. அவரோ கணக்கு ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னார். "அவரு ஒரு தபா இங்க வந்தப்ப நம்ம சாப்பாட்டத் துன்னாரு சார். சாம்பார் நல்லா இருக்குதும்மான்னாரு. வேற யாரு வந்தாங்க?"

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் ஊரில் இல்லை. புருஷன் முன்பே போய்விட்டவர், பிள்ளை இல்லை. ஒரு மூட்டையோடு விடியற்காலையில் நடந்தார், பொழுது சாய்ந்துதான் கீழே வந்து சேர்ந்தார் என்றார்கள்.

ரோடு வந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு முன்னால் தார் போட்டு, கல்வெட்டில் பெயர் பொறித்துத் திறந்தார்கள். ஓட்டுப் போடாததால் வந்தது என்கிறது ஊர். கட்சிக்காரர்கள் தாங்கள் கொண்டுவந்தோம் என்கிறார்கள். அந்த ஒரு ஓட்டால் வந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொன்னால் நானே நம்பமாட்டேன். வரலாறு என்று நாம் எழுதிவைப்பதெல்லாம் இப்படி யாரையாவது வெளியே நிறுத்திவிட்டுத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறது போலும்.

போன மாதம் அவரைக் கீழே சமவெளியில், கருணாபுரத்தில் பார்த்தேன். பார்த்தேன் என்ன, தேடிப் போனேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். மலை ஊரின் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள்; இங்கே சேர்க்கவில்லை. எந்தத் தொகுதியிலும் இல்லாத ஒருவர். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவத்தைப் பூர்த்தி செய்து கொண்டுபோயிருந்தேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும் அக்கா என்று நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். வாங்கவில்லை.

"வேணாம் சார். எனக்கு இன்னாத்துக்கு?"

மறுபடி நீட்டவில்லை. ஒரு தடவை வற்புறுத்தியவன். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கிளம்பலாம் என்று திரும்பியபோது அவர்தான் கூப்பிட்டார்.

"மேல பஸ்ஸு போவுதாமே?"

"போகுது. பள்ளிக்கூடத்து வாசல்லயே நிக்குது."

"எத்தினி நேரம் ஆவுது?"

"இங்கேருந்து ஏறினா ரெண்டரை மணி நேரம்."

அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து, கழுவியதையே மறுபடி கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அவ்ளோ கிட்டவா இருக்குது?" என்றார்.