அதே படிக்கட்டுக்கு ஓர் அனுபவச் சான்றிதழ்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், ஹைதராபாத் உப்பலில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. அப்போது நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு செய்தித்தாளில் தகவல் சரிபார்த்து, பிழை திருத்தி ஓய்வு பெற்றவன்.

எங்கள் ஐந்து மாடிப் படிக்கட்டையும் நடைவழிகளையும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே பெண்மணிதான் பெருக்கித் துடைத்துவந்தார். நாற்பதைத் தாண்டியவர். ரயில்வே பட்டறை வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம்; இவர் பிறந்ததே இங்கேதான். கணவர் இல்லை. பள்ளியில் படிக்கும் மகளையும் வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்துச் சம்பளத்தில்தான் வாழ்ந்தார்.

அந்தக் கோடையில் சங்கம் துப்புரவை ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுக்க முடிவு செய்தது. சீருடை இருக்கும், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார் என்று எல்லோருக்கும் திருப்தி. இப்போது இருப்பவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டேன். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் உடனே சம்மதித்தார். ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், அனுபவச் சான்றிதழ், அவ்வளவுதான் என்றார்.

அந்த அம்மாளுக்கு இது புரியவே இல்லை. “இதே படியக் கூட்டுறதுக்கா சார் சர்டிபிகேட்? கைக்கு? ஒம்பது வருஷமா எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?” என்றார். ‘ஏன்’ என்பதை இந்த ஊரில் ‘கைக்கு’ என்றுதான் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்களே என்று எழுத உட்கார்ந்தேன்.

“மிஷின் ஓட்டத் தெரியும்னு ஒரு வரி சேத்துருங்க சார். ஃபாரத்துல கேட்டிருக்கான்.”

தரை தேய்க்கும் இயந்திரத்தைச் சொன்னார். ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“ஓட்டினது இல்ல. காட்டிக் கொடுத்தா அரை நாள்ல புடிச்சிக்க மாட்டேனா?”

“நடந்ததத்தாம்மா எழுத முடியும்.”

“ஹவ் சார், நீங்க பேப்பர் ஆளு,” என்று இந்த ஊர் ‘ஆமா’ போட்டுச் சிரித்தார்.

நான் எழுதினேன். துடைப்பம், மாப்பு, ஃபினாயில் கொண்டு ஒன்பது ஆண்டுகள் பணி, நேர்மையானவர், இயந்திரம் இயக்கிய அனுபவம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தேன்.

இயந்திர அனுபவம் இல்லை என்று சொல்லி, நான்காம் நாள் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

இந்த ஊரில் கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டே இருக்கிறது, துடைக்கிற வேலைக்கா பஞ்சம் என்று எங்கள் கட்டடத்தில் சொல்லாதவர் இல்லை. அவர் மூன்று இடங்களில் ஏறி இறங்கினார். எங்கும் ஆள் தேவை என்ற பலகை தொங்கியது. எங்கும் ஒப்பந்த நிறுவனம், அதே மாதிரி விண்ணப்பம், அதே கேள்வி.

ஒன்றாம் தேதி புதிய பெண் வந்தார். சீருடை, தொப்பி, அடையாள அட்டை, கையில் ஒரு துடைப்பம். இரண்டு வாரம் பார்த்தேன். இயந்திரம் வரவில்லை. மேற்பார்வையாளரைப் பிடித்துக் கேட்டேன்.

“மிஷினா? அது மால், ஆபீஸ் ஹாலுக்கு சார். படியில எப்படி ஏறும்?” என்றார் தெலுங்கில்.

“அப்படியானால் எதற்குக் கேட்கிறீர்கள்?”

“எல்லா இடத்துக்கும் ஒரே ஃபாரம் சார். நீங்க அத எழுதாமலே விட்டிருக்கலாம். யாரும் பாக்கிறதில்ல.”

“யாரும் பார்க்காத காகிதத்தால் அவருக்கு எப்படி வேலை போனது?”

“இல்லைன்னு எழுதியிருந்தா பாப்பாங்க சார்.”

பழையவரையே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இனி மாற்ற முடியாது, ஆள் போட்டாயிற்று என்றார். புதிதாக வந்தவரும் பிழைப்புக்கு வந்தவர்தான். அவரை அனுப்பிவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

மல்லாபூரில் இருக்கும் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு கல்யாண மண்டபத்தில் கழுவும் வேலை கிடைத்திருந்தது. முகூர்த்தம் இருக்கும் நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் கூப்பிட மாட்டார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

“நீங்க பொய் ஒண்ணும் எழுதலையே சார். வுடுங்க,” என்றார்.

பொய் எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன ஒரு வரியை அவ்வளவு கறாராகச் சரிபார்த்த நான், எங்கள் படிக்கட்டுக்கு அந்த இயந்திரம் வருமா என்று நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தகவல் சரிபார்த்தவன், அன்று சரிபார்த்தது எதிர்த்துக் கேட்க முடியாதவரின் பேச்சை மட்டுமே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.