இரண்டு பெட்டிகளும் ஒரு மேசை ஃபேனும்

தம்பிக்கு வந்த நோய்க்கு மருந்து இல்லை. இந்த ஒரு வரியைக் கேட்க நாங்கள் மூன்று ஊர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும், அறிவு மட்டும் தெளிவாக இருக்கும் என்றார் கடைசியாகப் பார்த்த டாக்டர். "ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு, பார்ப்போம்" என்றும் சொன்னார். யார் சார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று கேட்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். அந்த ஆராய்ச்சி எங்கேதான் நடக்கிறது என்று அங்கே உட்கார்ந்து தேடினேன். உடம்பிலுள்ள புரதம் எப்படி மடிகிறது, எங்கே தப்பாக மடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். ஒரு கம்ப்யூட்டருக்கு அடங்குகிற கணக்கு இல்லை அது. அதனால் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்கச் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். மனசு இருக்கிறவர்கள் வாங்கி, ஓடவிட்டு, விடையைத் திருப்பி அனுப்பலாம். எந்தெந்த நோய்க்கு என்று போட்டிருந்த இடத்தில் தம்பியின் நோயும் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

உளுந்தூர்பேட்டையில் மூடிவிட்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வாங்கிய பழைய பெட்டிகள் இரண்டு என்னிடம் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே வயசு. வீட்டில் தம்பியின் கட்டிலுக்கு எதிரே இரண்டையும் வைத்தேன். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளாக ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். எதில் கணக்கு சீக்கிரம் முடிகிறது என்று இன்டர்நெட்டில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நானே பார்த்துவிட்டு, வேகமானதைக் கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடலாம் என்று திட்டம். கடலில் கரைத்த பெருங்காயம்தான், தெரியாமலில்லை. ஆனால் என் கையில் இருந்தது அந்தப் பெருங்காயம் மட்டும்தான்.

"பாரு, லினக்ஸ்தான் முந்தும். அதுல வெட்டி வேலை கம்மி" என்று முதல் நாளே தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நோய் வருவதற்கு முன் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்கும் லோடு வண்டி ஓட்டியவன். இப்போது கழுத்தை மட்டும் கொஞ்சம் திருப்ப முடியும். பேச்சு மெதுவாக வரும். இரண்டு திரையையும் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலையாயிற்று. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே, எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

வெயில் ஏறியது. எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேலே ஃபேன் மாட்ட வழியில்லை. இருப்பது ஒரு மேசை ஃபேன், அதுவும் தலையாட்டாது. வைத்த பக்கம்தான் வீசும் என்று தம்பியைப் பார்க்க வைத்திருந்தோம். அந்த வெயிலில் லினக்ஸ் பெட்டி நன்றாக முந்த ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் லினக்ஸ் பெருமை பேசினேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது போட்டா சீக்கிரம் வந்துடுமாம்மா?" என்றார்.

தம்பிக்கோ முதுகெல்லாம் வேர்க்குரு. "சோறும் எறங்கலடி" என்று பவுடர் போட்டபடியே அம்மா சொன்னாள். வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

விண்டோஸ் பெட்டியையும் லினக்ஸுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்த நாளில், பஜாரில் கரண்ட் நிறுத்திவிட்டார்கள். மதியம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். தம்பி தண்ணீரில் முக்கி எடுத்த துணியாகக் கிடந்தான். வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. ஃபேன் லினக்ஸ் பெட்டிக்கு வீசிக்கொண்டிருந்தது.

"யாருடா இதைத் திருப்பி வச்சது?"

"அம்மாவத்தான் திருப்பச் சொன்னேன். நீ வர்ற நேரத்துக்கு எம்பக்கம் திருப்பிடும்."

"எதுக்குடா?"

"மலை ஏறும்போது வண்டி சூடாச்சின்னா இன்னா பண்ணுவோம்? நிறுத்தி, பானெட்ட தெறந்து காத்து வுடுவோம். இத நிறுத்த முடியாதேக்கா. கணக்கு ஓடிக்கினு இருக்குதே."

"அப்போ அந்தப் பெட்டிக்கு?"

"லினக்ஸ்தான் முந்தும்னு நீதான சொன்ன. முந்தறதுக்குத்தான தொணை பண்ணணும்."

சூடேறினால் கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வதுதான். இத்தனை நாள் நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது விண்டோஸையும் லினக்ஸையும் இல்லை. அவனுக்குக் கிடைக்காத காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அவனை அறையலாம் போலிருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, ஃபேனை அவன் பக்கம் திருப்பினேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு ஃபேன் வாங்கினால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். அன்று சாயங்காலமே வாங்கினேன். புதியதை அவன் முகத்துக்கு நேராக வைத்து, பழையதை லினக்ஸ் பெட்டிக்கே விட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே நம்பிக்கை வராமல் மறுநாள் மதியம் மறுபடி வந்தேன். புதிய ஃபேன் விண்டோஸ் பெட்டிக்கு வீசிக்கொண்டிருந்தது.

"இப்பதான்க்கா சரியான போட்டி" என்றான். "ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. எதைப் போட்டாலும் ஒன்றுதான். ஏதாவது ஒன்று வேகமாக இருந்திருந்தால் எனக்குச் செய்ய ஒரு வேலையாவது இருந்திருக்கும். அந்த வேலையும் போயிற்று.

புதிய ஃபேனைத் திருப்பக் கை வைத்தேன்.

"வேணாம், வுடுக்கா. இது முடியறவரைக்கும் நான் இருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதா? வேற யாருக்காவது ஆவும்."

என் முகத்தை அவனுக்குக் காட்ட முடியவில்லை. மூலையில் கிடந்த கீபோர்டு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தேன். கடை திறக்கப் போகவில்லை. கை வலித்தது. இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு இரண்டு கையும் நன்றாக வேலை செய்கிறது.