நான் மரியாளாக நடிக்காத கிறிஸ்மஸ்

அப்பா பரளச்சி சபையில் ஐயராக, அதாவது போதகராக, இருந்தபோது, கிறிஸ்மஸ் நாடகத்தில் எனக்கு மரியாள் வேஷம் கிடைத்தது. பத்து வயது. ஐயர் மகள் என்பதால்தான் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. தலைகால் புரியாமல் ஆடினேன்.

எங்கள் சபையில் பாலன் இயேசுவுக்குப் பொம்மை வைக்கிற வழக்கமில்லை. அந்த வருஷம் எந்த வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதோ அதை வாங்கிவந்து வைக்கோலில் கிடத்துவோம். அந்த முறை எங்கள் தெரு அக்காவின் மூன்று மாதப் பையன். தினமும் போய்த் தூக்கிப் பழகினேன். டிசம்பர் நடுவில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அக்காவின் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். அப்பாதான் இருவரையும் பைக்கில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார். பிள்ளை பிழைக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்த முதல் கவலை, இனி பாலனுக்கு எங்கே போவது என்பதுதான். வேறொரு வீட்டுப் பிள்ளை கிடைத்தது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் கிறிஸ்மஸ். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடவுள் மேலே இருந்துகொண்டு நம்மைப் பார்க்கவில்லை, பசியும் வலியுமுள்ள உடம்போடு நம்மிடம் வந்தார் என்று அப்பா பிரசங்கித்துக்கொண்டிருந்தார். அடுத்தது நாடகம். நீலச் சேலையில் பிள்ளையோடு ஓரமாக நின்றேன். திடீரென்று அது வீரிட்டு அழுதது.

அக்கா எழுந்தாள். மார்பைக் கைகளால் இறுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சேலை முன்பக்கம் நனைந்திருந்தது. அப்பா பாதி வாக்கியத்தில் இறங்கிப் பின்னாலேயே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை அங்கியோடு கரிசல் மண்ணில் உட்கார்ந்திருந்தார், அவளுக்குச் சற்றுத் தள்ளி.

"ஜெபம் பண்ணாதீக ஐயரே."

"பண்ணல தாயி. சும்மா உக்காந்திருக்கேன்."

சபை முணுமுணுத்தது, பிறகு சாப்பாட்டுக்குக் கலைந்தது. நாடகம் போயே போச்சு.

"அந்தக்கா சேலையில தண்ணியக் கொட்டிக்கிட்டதுக்கு அப்பா ஏன் ஓடணும்?" என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு மகள் பிறந்து, வேறு யார் பிள்ளையோ அழுததற்கு என் ரவிக்கை நனைந்த அன்று, உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிள்ளை போய் எட்டு நாளாகியும் அக்காவுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குச் சொல்ல ஒரு வசனமும் இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.